பெற்றோர் வெளியே காத்திருக்கவும்

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பணிகளுக்குத் தலைவராக இருந்த விக்டர் டி அமிகோ, 1942-இல் பிள்ளைகளுக்கென்று ஒரு கலைக் கொண்டாட்டத்தைத் தொடங்கினார். 'சில்ரன்ஸ் ஆர்ட் கார்னிவல்' என்று பெயர்பெற்ற அது, விடுமுறைக் காலத்தை ஒட்டி நடந்து, 1969 வரை நீடித்தது. நான்கு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் வரலாம். அதன் வாயிலைப் பிள்ளைகளின் உருவ அளவுக்கே வெட்டியிருந்தார்கள். சின்னப் பிள்ளைக்கு ஓர் அளவு, வளர்ந்த பிள்ளைக்கு ஓர் அளவு. பெரியவர்களுக்கு அளவெடுக்கவே இல்லை. பெற்றோருக்கு உள்ளே அனுமதியும் இல்லை. வாயிலைத் தாண்டினால் முதலில் மங்கலான வெளிச்சத்தில் ஒரு கூடம். தொட்டும் நகர்த்தியும் பார்ப்பதற்கென்றே செய்த விளையாட்டுப் பொருள்கள் அங்கே இருக்கும். அவற்றை வைத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். அதற்கு அடுத்தது வண்ணமும் தூரிகையும் துணித்துண்டும் இறகும் நிறைந்த பட்டறை. இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிப்பது பெற்றோரை வாசலிலேயே நிறுத்தியதைத்தான். விடுமுறைக் கலைப் பட்டறையால் ஒரு பிள்ளைக்கு என்ன நன்மை வரக்கூடுமோ, அது பெரியவர்கள் அதன் விளைவின் மேல் கொண்டாடும் உரிமையைக் கைவிடும் அளவுக்குத்தான் வரும் என்பது என் எண்ணம். இதைக் கேட்டவுடன் ஒப்புக்கொள்ளும் பெற்றோர் அதிகம் இருக்க மாட்டார்கள் என்பதும் தெரியும்.

நம் ஊர்க் கோடை முகாம்களை நினைத்துப் பாருங்கள். பள்ளி நாள்களில் ஓவிய வகுப்பு பீரியடைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கம்; பிள்ளைகளும் பெற்றோரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடியதும் அதே வீடுகளில் திடீரென்று ஓவியத்தின் மேல் ஓர் அக்கறை பிறக்கிறது. முகாமில் சேர்த்த மறுநாளிலிருந்து, வாசலில் பிள்ளையை அழைத்துப்போக வருபவர்களின் முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன பண்ணினே, காட்டு" என்பதுதான். காட்டுவதற்கு ஒன்று வேண்டும் என்பதால் முகாம் நடத்துகிறவர்களும் ஒரு மணி நேரத்தில் முடிகிற, எல்லார் கையிலும் ஏறக்குறைய ஒன்றுபோல வருகிற பொருளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பானைக்கு வண்ணம், அட்டையில் பொம்மை, ஐஸ்குச்சியில் வீடு. கடைசி நாளில் ஒரு போட்டி. பிறகு பரிசளிப்பு விழா. கலந்துகொண்ட அனைவருக்கும் சான்றிதழ். போட்டி என்று வந்துவிட்டால் தமிழ்நாட்டுப் பிள்ளை என்ன வரையும் என்பதைத் தாளைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே இறங்கிவரும் ஆறு, கரையில் ஓலைக்குடிசை, ஒரு தென்னை, வானத்தில் கோடுகளாய் நாலு பறவை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மலையே இல்லாத நாகப்பட்டினத்துப் பிள்ளையும் இதையேதான் வரைகிறது. இதை யாரும் பாடமாக நடத்தவில்லை. குறித்த நேரத்துக்குள் முடியும், நடுவருக்குப் புரியும், தப்பு என்று யாரும் சொல்ல முடியாது என்பதைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடித்துவைத்திருக்கிறார்கள். அந்த மலைகளைக் கற்பனை வறட்சி என்று திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மதிப்பெண் போடுகிற உலகத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட பிள்ளையின் புத்திசாலித்தனம் அது.

பரிசு கொடுத்தால் ஆர்வம் வளரும் என்பது பரவலான நம்பிக்கை. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகிய மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் நடத்திய ஆய்வு இந்த நம்பிக்கையைச் சோதித்தது. ஸ்கெட்ச் பேனாவில் வரைவதை ஏற்கெனவே விரும்பிச் செய்துவந்த பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவிடம், வரைந்தால் தங்கநிற முத்திரையும் ரிப்பனும் வைத்த ஒரு பாராட்டுச் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்னதாகவே சொன்னார்கள். இரண்டாம் பிரிவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைத் தந்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, விருப்பம்போல் விளையாடும் நேரத்தில் பேனாக்களை மறுபடி மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்று கவனித்தார்கள். சான்றிதழுக்கென்று வரைந்த பிள்ளைகள், மற்ற இரண்டு பிரிவினர் செலவிட்டதில் பாதியளவு நேரத்தைத்தான் வரைவதற்குச் செலவிட்டார்கள். பரிசை எதிர்பார்த்து அவர்கள் போட்ட படங்களின் தரமும் குறைந்தே இருந்தது. இந்த ஆய்வை எல்லா இடத்துக்கும் நீட்டிவிடக் கூடாது என்று பின்னாளில் வாதிட்டவர்களும் உண்டு. விருப்பமே இல்லாத ஒரு வேலையைத் தொடங்கவைக்கப் பரிசு உதவும் என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய ஒரு மிட்டாய் தருவதில் தவறில்லை. ஆனால் சின்னப் பிள்ளைக்கு வரைவதில் விருப்பத்தை யாரும் ஊட்டவேண்டியதில்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் உள்ள எந்த வீட்டிலும் அதற்குச் சாட்சி கிடைக்கும். இருக்கிற விருப்பத்துக்குக் கூலி பேசினால்தான் சிக்கல். எதிர்பாராமல் பரிசு பெற்ற பிரிவுக்கு எந்தக் கெடுதலும் நேரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பாராட்டில் பழுதில்லை, அதை முன்கூட்டியே பேரம் பேசுவதில்தான் பழுது.

பெற்றோரை வாசலில் நிறுத்துவதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது ஒன்று உண்டு. பெரியவர்களை வெளியே நிறுத்திவிட்டால் பிள்ளை சுதந்திரமாகிவிடுமா? வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் 1897-இல் பிள்ளைகளுக்கான ஓவிய வகுப்பைத் தொடங்கியபோது, தான் எதையும் கற்பிப்பதில்லை, பிள்ளைக்குள் இருப்பதை வெளியே வரவிடுகிறேன் என்ற நிலையை எடுத்தார். ஆனால் அவருடைய வகுப்பிலிருந்து வந்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு குடும்பச் சாயல் தெரிகிறது. அக்கால வியன்னாவின் அலங்காரப் பாணி அவற்றில் துலக்கமாக இருக்கிறது. கற்பிக்கவில்லை என்று சொன்னவரின் ரசனை அறை முழுக்க நிறைந்திருந்திருக்கிறது. டி அமிகோவின் கூடமும் அப்படித்தான்: எந்தப் பொருளை வைப்பது, எந்த வெளிச்சம் போடுவது என்பதெல்லாம் ஒரு பெரியவரின் முடிவு. ஆகவே தலையீடே இல்லாத பட்டறை என்று ஒன்று கிடையாது. என் வாதத்துக்கு அது தேவையுமில்லை. இடத்தை ஏற்பாடு செய்வது ஒன்று, முடிவைக் கணக்குப் பார்ப்பது வேறு. முதலாவதை எவ்வளவு யோசித்துச் செய்தாலும் நல்லது. இரண்டாவதைத்தான் வாசலிலேயே விட்டுவிடச் சொல்கிறேன்.

அடுத்து, திறமை. ஒன்பது, பத்து வயதில் பிள்ளைகளுக்குத் தங்கள் படம் நிஜம்போல இல்லையே என்ற குறை வந்துவிடுகிறது. பலர் அந்த வயதில்தான், "எனக்கு வரையவே வராது" என்று பென்சிலைக் கீழே வைக்கிறார்கள். அவர்களிடம் போய், மனம்போல் வரை என்று சொல்வது கையை விரிப்பதற்குச் சமம். அந்த வயதுக்கு நுட்பம் தேவைதான். ஆனால் எந்த நுட்பம் வேண்டும் என்ற கேள்வி பிள்ளையிடமிருந்து வரவேண்டும். அந்தக் கேள்வியை எழுப்பிவிடக் கலைக்கூடத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். அவரைப் பார்த்த கையோடு களிமண்ணில் ஒற்றைக் காலில் நிற்கும் ஓர் உருவத்தைச் செய்யச் சொன்னால் என்ன நடக்கும்? விழும். காலைத் தடிப்பாக்கினால் நிற்கும், ஆனால் ஆட்டம் போய்விடும். இனி அந்தப் பிள்ளை மறுபடி சிலையிடம் போகும்போது அதன் பார்வை வேறாகத்தான் இருக்கும்: எடை எங்கே இறங்குகிறது, தூக்கிய காலுக்கு எந்தக் கை ஈடு செய்கிறது, காலடியில் முயலகன் எதைத் தாங்குகிறான், இத்தனை மெலிந்த கையும் காலும் மண்ணில் நிற்காதபோது உலோகத்தில் எப்படி நிற்கின்றன. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றினார்கள் என்று அப்போது சொன்னால் அது பதில். முன்னதாகவே சொன்னால் அதுவே பாடமாகிவிடும். விழுந்துபோன அந்தக் களிமண் உருவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்ட முடியாது. முடிவை எதிர்பார்க்கும் முகாமில் இந்தப் பயிற்சி நடக்கவே நடக்காது, ஏனென்றால் எந்த ஆசிரியரும் பெற்றோர் முன்னால் முப்பது உடைந்த பொம்மைகளை அடுக்கிவைக்கத் துணியமாட்டார்.

நம் மரபே பார்த்துச் செய்வதுதானே, அதில் எங்கே இந்தச் சுதந்திரம் எல்லாம் என்று கேட்பவர்கள் உண்டு. சுவாமிமலை ஸ்தபதி வீட்டுப் பையனும் வாசலில் கோலம் பழகும் பெண்ணும் பார்த்துப் பார்த்துத்தான் கற்றார்கள், உண்மை. ஆனால் அங்கே பிள்ளை ஒரு தொழிலுக்குள்ளோ ஒரு வீட்டின் அன்றாடத்துக்குள்ளோ இருந்தது. அதன் தப்புக்கோலத்தைக் காலையில் நாலு பேர் மிதித்துப் போனார்கள், யாரும் மதிப்பெண் போடவில்லை. பத்து நாள் முகாம் அந்த ஆண்டுக்கணக்கான பழக்கத்துக்கு ஈடாகாது, ஈடாவதுபோல் நடிக்கவும் வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, உருப்படியாக ஏதாவது விளைந்தால்தானே அரசோ அறக்கட்டளையோ பணம் போடும் என்ற கேள்வி நிற்கிறது. அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் பென்டன்வில் ஊரில் 2011-இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் கலை அருங்காட்சியகம் திறந்தபோது, இலவசமாக அழைத்துப்போகும்படி கேட்ட பள்ளிகள் இடத்துக்கு மிஞ்சின. குலுக்கல் முறையில் சிலரை முதலிலும் சிலரைப் பிறகும் அழைத்தார்கள். குலுக்கல் என்பதால் இரு தரப்பையும் ஒப்பிட வசதியாயிற்று. ஏறக்குறைய 11,000 மாணவர்கள் ஆய்வில் இருந்தார்கள். போய்வந்த பிள்ளைகள், தாங்கள் முன்பு பார்த்திராத ஓர் ஓவியத்தைக் கொடுத்து எழுதச் சொன்னபோது அதைக் கூர்ந்து பார்த்து எழுதினார்கள். குடும்பத்தோடு மறுபடி வந்தவர்களும் அவர்களிலேயே அதிகம். இந்தப் பயன் கிராமப்புற, ஏழைப் பள்ளிப் பிள்ளைகளிடம் இன்னும் கூடுதலாக இருந்தது. அது பள்ளி நாளில் நடந்த சிறு சுற்று, விடுமுறைப் பட்டறை அல்ல என்பதை மறக்கக் கூடாது. என்றாலும் ஒன்று தெளிவாகிறது: அந்தப் பிள்ளைகள் கையில் எதையும் எடுத்துப் போகவில்லை, பார்த்துவிட்டு மட்டும் போனார்கள். அளக்கக்கூடிய பயன் அப்போதும் இருந்தது. அது அதிகம் சேர்ந்தது நகரத்துத் தனியார் முகாமுக்குக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு.

பெற்றோர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் வீட்டில், மே மாத வெயிலில், பாட்டி ஊர் என்று ஒன்று இல்லாமல் போனபின், பிள்ளையைப் பகலில் எங்கே விடுவது? முகாம் அவர்களுக்கு ஒரு காப்பகம். அது நேர்மையான தேவை. 'உங்கள் பிள்ளைக்குள் ஒளிந்திருக்கும் ஓவியனைக் கண்டறியுங்கள்' என்ற விளம்பரத்தைவிட, 'பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம்' என்ற ஒரு வரி எவ்வளவோ மேல். காப்பகம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் சான்றிதழின் அவசியமும் போய்விடும்.

டி அமிகோவின் கார்னிவலை ஜாக்குலின் கென்னடி இந்திரா காந்திக்கு அன்பளிப்பாக வழங்க, 1963-இல் அது டெல்லிக்கும் வந்தது. அந்தப் பொருள்களும் முறையும் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல என்று சொல்லவே இதைக் குறிப்பிடுகிறேன். தமிழ்நாட்டில் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. மிகக் குறைந்த கட்டணம், ஆசிரியர்களும் இடமும் உண்டு. எழும்பூரில் சிலைகள் இருக்கின்றன, முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் இருக்கிறது, அதற்குச் சற்று முன்னால் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. புதிதாக எதையும் கட்டவேண்டியதில்லை. கோடை முகாமின் கடைசி நாளில் பரிசளிப்பு விழா வைப்பதை விட்டுவிட்டு அந்த நாளையும் களிமண்ணுக்கே கொடுத்துவிடலாம். மேடையும் ஷீல்டும் சிறப்பு விருந்தினருக்கான சால்வையும் மிச்சமாகும். சான்றிதழ் இல்லையா என்று கோபித்துக்கொண்டு சில பெற்றோர் வேறு முகாமுக்குப் போகக்கூடும். போகட்டும், காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பிள்ளைக்கு இடம் கிடைக்கும்.