போர்க்களத்துக் கப்ருகள் சொல்லும் பாடம்





சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பகுதி இளைஞர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "ஹஜ்ரத், லீவு நாளில் கிராஞ்சி போர்க் கல்லறைக்குப் போனேன். அங்கே சுவரில் எத்தனையோ முஸ்லிம் பெயர்கள் இருக்கின்றன. இவர்கள் வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டுச் செத்தவர்கள்தானே? இவர்களுக்கு நான் துஆ செய்யலாமா?"

சின்னக் கேள்விதான். ஆனால் போரில் மாண்டவர்களை நாம் எப்படி நினைவுகூர வேண்டும் என்ற பெரிய கேள்வி அதற்குள் இருக்கிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

சகோதரர்களே! நம் தஞ்சை டெல்டாவுக்கு சிங்கப்பூர் அந்நிய ஊர் அல்ல. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், ராஜகிரி என்று எந்த ஊரை எடுத்தாலும், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர்களின் கதை ஒன்று இருக்கும். இன்று போகிறவர்கள் சுல்தான் பள்ளியில் தொழுகிறார்கள், முஸ்தபா கடையில் சாமான் வாங்குகிறார்கள். தீவின் வடக்கே இருக்கும் கிராஞ்சிக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு.

அங்கே என்ன நடந்தது? 1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியப் படை சிங்கப்பூர்த் தீவில் இறங்கியது. 9, 10 தேதிகளில் கிராஞ்சி ஆற்றங்கரையில் சண்டை. எதிர்த்து நின்றவர்கள் ஆஸ்திரேலியச் சிப்பாய்கள். தண்ணீரில் திறந்துவிட்ட எண்ணெய் தீப்பிடித்து, கரையேற வந்த ஜப்பானியர் பலர் எரிந்து மாண்டார்கள். பிப்ரவரி 15 அன்று தீவு முழுவதும் சரணடைந்தது.

அந்த இடத்தில்தான் இன்று போர்க் கல்லறை இருக்கிறது. சுமார் 4,460 பேருக்கு அங்கே கல் நட்டிருக்கிறார்கள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். அவர்களில் 850க்கும் மேற்பட்டவர்கள் யாரென்றே தெரியவில்லை. பெயர் எழுத வேண்டிய இடத்தில், இவர் யார் என்பதை இறைவன் அறிவான் என்ற கருத்து பொறிக்கப்பட்டிருக்கிறது. மேட்டின் மீதுள்ள நினைவுச் சுவர்களில், உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. இந்திய ராணுவத்தின் முஸ்லிம், இந்து, சீக்கியச் சிப்பாய்களின் பெயர்களும் அவற்றில் உண்டு.

ஆனால் இந்தச் சுவர் கதையின் ஒரு பக்கம்தான். சரணடைந்த இந்தியச் சிப்பாய்களை பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டினார்கள். கூடியவர்கள் பல்லாயிரம் பேர். ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் கொடுத்த சத்தியத்தை முறிக்க மாட்டோம் என்றோ, ஜப்பானியனை நம்ப முடியாது என்றோ மறுத்தார்கள். மறுத்தவர்களில் பலர் நியூ கினிக்குக் கப்பலேற்றப்பட்டு, பசியாலும் நோயாலும் மாண்டார்கள். 1943இல் நேதாஜி வந்த பிறகு, மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் படையில் சேர்ந்தார்கள். அவர்களில் மாண்டவர்களுக்காக 1945 ஜூலை 8 அன்று சிங்கப்பூர் கடற்கரையில் ஒரு நினைவுச் சின்னத்துக்கு நேதாஜி அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை இடித்தார்கள். 1995இல்தான் அதே இடத்தில் ஓர் அடையாளக் கல் வைக்கப்பட்டது.

அந்தப் படையின் தளபதிகளில் ஒருவர் ஷா நவாஸ் கான். செங்கோட்டை விசாரணையில் அவர் ஒரு விஷயத்தைச் சொன்னார். 1944இல் நடந்த சண்டையில் எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களில் அவருடைய சொந்தச் சகோதரரும் இருந்தார், அந்தச் சண்டையில் காயமும் பட்டார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஆளுக்கொரு பக்கம்! அந்தத் தாய் தொழுகைப் பாயில் உட்கார்ந்து யாருக்காக துஆ செய்திருப்பார்? யாரை விட்டிருப்பார்?

சகோதரர்களே! இது நமக்குப் புதிய சோதனை அல்ல. ஹிஜ்ரி 36இல் பஸராவுக்கு அருகில் ஜமல் போர் நடந்தது. இரண்டு பக்கமும் ஸஹாபாக்கள். போர் முடிந்ததும் அலீ (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? இரு தரப்பிலும் மாண்டவர்களுக்கு ஜனாஸா தொழவைத்து அடக்கம் செய்தார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் பதிவு செய்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் வந்த தல்ஹா (ரலி) அவர்களின் முகத்திலிருந்த புழுதியைத் துடைத்துக் கலங்கினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அலீ (ரலி) அவர்கள் தம் நிலைப்பாடு தவறு என்று சொல்லவில்லை. எது ஹக் என்ற கேள்வியை அவர்கள் கைவிடவும் இல்லை. ஒரு செயல் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது வேறு. ஒரு மனிதனின் முடிவு என்ன என்று தீர்ப்புச் சொல்வது வேறு. முன்னது நம் கடமை, ஏனென்றால் நாளை அதே தவறை நாம் செய்யக்கூடாது. பின்னது அல்லாஹ்வின் உரிமை, அதில் கை வைக்க நமக்கு அனுமதி இல்லை.

உஹதுக்குப் போய்ப் பாருங்கள். ஹம்ஸா (ரலி) உட்பட எழுபது ஷுஹதாக்கள் உயிர் கொடுத்த இடம். அன்று நம்மைப் பின்னாலிருந்து தாக்கிய குதிரைப்படையின் தலைவர் யார்? காலித் பின் வலீத். ஹம்ஸாவைக் கொன்றவர் யார்? வஹ்ஷீ. இருவருமே பிறகு இஸ்லாத்தில் வந்தார்கள். இன்று அவர்களுடைய பெயருக்குப் பின்னாலும் நாம் ரலியல்லாஹு அன்ஹு சொல்கிறோம். மலையை விட்டு இறங்கிய அம்பெய்வோரின் தவறை குர்ஆன் மறைக்கவில்லை. ஆனால் அவர்களை மன்னித்துவிட்டதாகவும் அல்லாஹ் அறிவிக்கிறான். பாடமும் இருக்கிறது, மன்னிப்பும் இருக்கிறது. வெறுப்புக்குத்தான் அங்கே இடமில்லை.

எனவே அந்த இளைஞருக்கு என் பதில் இதுதான். முஸ்லிமாக மாண்டவருக்கு மஃபிரத் கேளுங்கள். அவர் எந்தக் கொடியின் கீழ் நின்றார் என்று விசாரித்துவிட்டு துஆ செய்ய வேண்டியதில்லை. குடும்பக் கஷ்டத்தில் பட்டாளத்தில் சேர்ந்தவரும் இருப்பார், நாட்டு விடுதலைக்காகப் போனவரும் இருப்பார், வீரன் என்ற பெயருக்காகப் போனவரும் இருப்பார். நிய்யத் கல்லில் எழுதப்படுவதில்லை. மற்ற சமயத்தவரின் கல்லறை முன் மரியாதையோடு நில்லுங்கள். ஒரு யூதரின் ஜனாஸா கடந்தபோது எழுந்து நின்ற நபி (ஸல்) அவர்கள், அதுவும் ஓர் உயிர்தானே என்று கேட்டு நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

இன்னொரு கூட்டத்தாரும் இருக்கிறார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, ஜப்பானியர்கள் மலாயாவிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அவர்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கப்படுகின்றன. இந்தத் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த தனிக் கல் இல்லை. சிப்பாயின் பெயர் பட்டாளத்துப் பதிவேட்டில் இருந்தது. கூலியின் பெயரைக் குறித்து வைக்க யாரும் இல்லை. அவர்களில் நம் காவிரிக் கரை மக்களும் உண்டு.

பெரியோர்களே! கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தார்களா? இருக்கிறாரா இறந்தாரா என்று தெரியாதவரை நம் ஃபிக்ஹ் நூல்கள் மஃப்கூத் என்கின்றன. அவருடைய மனைவிக்கு என்ன சட்டம், சொத்துக்கு என்ன சட்டம் என்று இமாம்கள் பக்கம் பக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். காணாமல் போனவனும் ஒரு மனிதன், அவனுக்கும் ஹக் உண்டு என்பதே அதன் அடிப்படை. வீட்டில் எண்பது வயதைக் கடந்த பெரியவர்கள் இருந்தால், இந்த வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மலாயா போனவர் யார், பர்மா போனவர் யார், அவர் பெயர் என்ன, தகப்பனார் பெயர் என்ன? ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அல்லாஹ்வுக்கு அந்த நோட்டு தேவையில்லை. பெயர் சொல்லி துஆ செய்ய நமக்குத்தான் தேவை.

யா அல்லாஹ்! எங்களுக்கு முன் சென்றவர்களில் கப்ரு உள்ளவர்களையும் கப்ரு இல்லாதவர்களையும் நீ அறிவாய். அவர்களின் பிழைகளைப் பொறுத்தருள்வாயாக! மாண்டவர்களின் பெயரால் பகை வளர்ப்பதை விட்டும் எங்களைக் காப்பாயாக! எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு போர்க் கல்லறை தேவைப்படாத காலத்தைத் தந்தருள்வாயாக! ஆமீன்.