கை எங்கே?

போன தீபாவளிக்கு முந்தின வாரம். பெங்களூரிலிருந்து வந்து, பிச்சம்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டுக் கதவைத் தள்ளியபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்த அப்பா பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா, ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். பீஸ் ரேட்டு வேலை. நான்தான் சம்பாதிக்கிறேனே, விடும்மா என்றால் கேட்பதில்லை. ட்யூப் லைட் போட்டால் அப்பா முழித்துக்கொள்வார்.

பார்க்க அழகாக இருந்தது. இப்படி எழுதும்போதே கூசுகிறது, ஆனால் உண்மை. சுவரில் சாய்ந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு நிறுத்தி, போனின் நைட் மோடில் ஒரு படம் எடுத்தேன்.

படத்தில் அறை பகல் மாதிரி இருந்தது. காலண்டரில் தேதிகூடப் படிக்க முடிந்தது. அம்மாவின் முகம் தெளிவு. கைகள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல்.

கம்ப்யூட்டர்காரனுக்கு இதன் காரணம் புரியும். நைட் மோட் ஒரு படம் எடுப்பதில்லை. பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்தி, சராசரி போடுகிறது. ஒன்பது படங்களைச் சேர்த்தால் புள்ளி இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் பொருந்தாத இடத்தை, அதாவது அசைகிற இடத்தை, அது கூட்டலில் சேர்க்காது. அசையாதது நிஜம், அசைவது பிழை. வேறு வழியில்லாமல் வைத்த விதிதான். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் அசைந்தது வேலை மட்டும்தான்.

1838இல் தாகேர் பாரீஸ் தெரு ஒன்றைப் படம் எடுத்தார். பல நிமிட எக்ஸ்போஷர். போய்வந்த வண்டிகளும் மனிதர்களும் பதிவாகவில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட ஒரே இடத்தில் நின்ற ஒருவர்தான் தெளிவாகத் தெரிகிறார். நிற்க நேரம் இருப்பவருக்கே படத்தில் இடம் என்பது பழைய கதை.

"கொஞ்சம் கையை நிறுத்தும்மா" என்று சொல்லியிருக்கலாம். நிறுத்தியிருப்பார். ஆனால் வேலை செய்கிற மாதிரி உட்கார்ந்திருக்கும் அம்மாதான் கிடைத்திருப்பார். அதனால் நைட் மோடை அணைத்து, ஷட்டரை 1/60க்குக் கொண்டுவந்து, ஐஎஸ்ஓவை முடிந்தவரை ஏற்றி இன்னொன்று எடுத்தேன். முக்கால்வாசி இருட்டு, மணல் கொட்டின மாதிரி புள்ளிகள். ஆனால் கத்திரியும் அதைப் பிடித்த விரல்களும் இருந்தன.

இரண்டையும் காட்டினேன். முதல் படத்தைப் பார்த்து, "நல்லாருக்குது. ஏங்கண்ணு, கை எங்க?" என்றார். இரண்டாவதைப் பார்த்து, "இதுல நானே எங்க இருக்கறேன்? இதைப் போயி ஆருக்கும் காட்டாத சாமி."

எது நேர்மையான படம்? என் கட்சி இரண்டாவது. அப்பாவின் தூக்கத்துக்காக அம்மா விட்டுக்கொடுத்த வெளிச்சத்தைப் போன் ஒரு நொடியில் திருப்பி ஊற்றிவிட்டது. முதல் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு, அவர் நல்ல வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும். அந்த அறையில் இருட்டு குறையல்ல, தகவல். ஆனால் முகம் அம்மாவுடையது. எந்த முகத்தோடு ஊருக்குத் தெரிய வேண்டும் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. என் உண்மைக்காக அவரை மணலில் புதைக்க எனக்கு என்ன உரிமை? இன்றுவரை இரண்டையும் எங்கும் போடவில்லை.

பொங்கலுக்குப் போனபோது, மடியில் மட்டும் வெளிச்சம் விழுகிற மாதிரி கிளிப் போட்டு மாட்டும் சின்ன லைட் ஒன்று வாங்கிப்போனேன். அப்பா முழிக்கவில்லை. ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் சரிசெய்ய எனக்கு அன்றைக்கு ஐந்து நிமிஷம் போதுமாக இருந்தது. இந்த லைட்டை வாங்க வேண்டும் என்று தோன்ற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.