அறிந்ததும் காட்டியதும்

ஒன்றைப் பொய்யென்று அறிந்த ஒருவன், அதன் பொய்ம்மை எவ்விடத்தில் உளதென்று காட்ட இயலாதபோது, அவன் அறிந்தது அறிவாகுமா? இவ்வினாவுக்குரிய விடையை யான் ஓர் எண்ணிடம் கற்றேன்.

அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 என்னும் எண் கிடைக்கும். 1644இல் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி, இவ்வகை எண்களுள் பகா எண்கள் இன்னின்னவென்று ஒரு பட்டியல் வெளியிட்டார். இவ்வெண்ணும் அதில் இருந்தது. பகா எண்ணாவது ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதொன்றால் மீதியின்றி வகுபடாதது. கற்றவர் சொல்லாதலின், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதனைத் தவறென நிறுவியவர் எவருமிலர்.

1876இல் லூக்காஸ் என்பார், காரணிகளைத் தேடாமலேயே தீர்ப்புக் கூறும் ஒரு முறையால், இது பகா எண் அன்று என நிறுவினார். ஆயின் எவ்வெண்ணால் வகுபடும்? அதனை அவர் கூறவில்லை. அவர் முறை அதனைக் கூறாது.

யான் நூற்பாலையில் உழைத்த நாளில், ஒரு வாரம் கூலிச் சீட்டில் தொகை குறைந்திருந்தது. வேலை செய்த நாள்களை விரல்விட்டு எண்ணியவன் யான். கணக்கரோ, "எந்த வரியில் பிழை? காட்டு" என்றார். அந்நாளில் எனக்கு எழுத்துக் கூட்டவும் வாராது. வாய்மூடித் திரும்பினேன். காட்ட இயலாமையால் என் கூலி குறையாமற் போயிற்றா? இல்லை. லூக்காஸ் அறிந்ததும் மெய்யறிவே. எனினும், முறை கற்ற சிலரன்றி வேறெவரும் அதனைச் சோதித்தறிய இயலாது. குறை அஃதொன்றே.

அக்குறையைத் தீர்த்தவர் கோல் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய கணிதச் சங்கத்தில் அவர் ஒரு சொல்லும் பேசாது, கரும்பலகையில் ஒருபுறம் இவ்வெண்ணை எழுதினார், மறுபுறம் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கினார், இரண்டும் ஒத்தன, சென்று அமர்ந்தார் என்பர். அவற்றைக் கண்டறிய மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சென்றனவாம். சரிபார்க்கவோ பெருக்கல் அறிந்தவனுக்கு ஒரு நாழிகை போதும். தம் உழைப்பைத் தம்மோடு வைத்துக்கொண்டு, பிறர் கையில் சோதனையைத் தந்தார். மேடையேறி "நம்புங்கள்" என்று கூறும் என்போன்றார்க்கு இது நாணம் தருவது. யான் பன்முறை மெர்சென்னாகவே நின்றிருக்கிறேன்.

அதனால் ஓரிரவு யானே பெருக்கினேன். ஒன்பது வரிகளில் ஒன்று சுழி, ஏழின் வரி மும்முறை வரும், கடினமன்று. ஆயினும் விடை ஒத்திலது. ஒன்பதால் வகுத்து மீதி காணும் பழஞ்சோதனையிற் பார்த்தேன்: காரணிகள் இரண்டுக்கும் மீதி ஒன்று, என் விடைக்கும் ஒன்று. எனவே, நூலில் எண்ணைத் தவறாக அச்சிட்டனர் என்றே துணிந்தேன். விடியற்காலையில் மீளப் பார்க்குங்கால், ஆறாம் வரியில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருந்தேன். இடம் மாறிய இலக்கங்களை அச்சோதனை காட்டிக்கொடாது.