கற்கப் போனவரும் காத்திருந்தவரும்

செய்யூரில் நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தபோது, அவருடைய அன்னையார் நம்மிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தார். நண்பர் பள்ளி ஆசிரியர், வயது முப்பத்தேழு, மனைவியும் இரண்டு ஆண் மக்களும் உண்டு. அரபுத் தமிழ் ஏடுகளை முறையாகப் படித்து ஆராய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் வேட்கை. அதற்காக ஊதியமில்லா விடுப்பில் மூன்றாண்டுகள் வெளியூர் சென்று தங்குவது என்று துணிந்துவிட்டார்.

“தம்பி, நீங்கள் சொன்னால் கேட்பான். போக வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லுங்கள்,” என்றார் அன்னையார்.

“படிக்கப் போவது குற்றமா, அண்ணே?” என்றார் நண்பர்.

இருவருக்கும் நாம் அன்று விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. மாலையில் உப்பளங்களைக் கடந்து பேருந்தில் திரும்புகையில், முன்பு படித்திருந்த ஒரு பார்சிக் கலைஞரின் வரலாறு நினைவில் எழுந்தது. அவரும் அதே வயதில்தான் அதே காரியத்தைச் செய்தார்.

அவர் பெயர் மெஹ்லி மேத்தா. 1908-ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்தவர். வயலின் கலைஞர், இசைநடத்துநர், ஆசிரியர் என மூன்று நிலைகளிலும் வாழ்ந்தவர். இசையைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே நிலவும் பழைய வழக்கை நாம் இங்கே அவிழ்க்கப் போவதில்லை. நமக்கு வேண்டுவது அந்த மனிதர் மேற்கொண்ட ஒரு பயணம். மேலை இசைக்கு வேர் பிடிக்காத மண்ணில், 1935-இல் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தோற்றுவித்தவர் அவர். 1940-இல் நால்வர் கொண்ட நரம்பிசைக் குழு ஒன்றையும் அமைத்தார். ஊரில் அவரை மிஞ்சிய வயலின் கலைஞரைத் தேட வேண்டிய நிலை. ஆயினும் தம் வில் எங்கே தவறுகிறது என்பதைத் தம் செவியே தமக்குச் சொல்ல, சொல்லித் திருத்த ஆள் இல்லாத குறையை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

உலகப் போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில் அவர் நியூயார்க்கிற்குப் புறப்பட்டார். ஈரானின் தப்ரீஸ் நகரில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து அங்கே குடியேறியிருந்த இவான் கலமியன் என்னும் பேராசானிடம் மாணவராகச் சேர்ந்தார். முப்பத்தேழு வயதில், ஒரு குழுவின் தலைவர், மீண்டும் வில்லைப் பிடிக்கும் முறையிலிருந்து தொடங்குவது எளிய பணிவன்று. பல்லாண்டுப் பழக்கத்தில் இறுகிய விரல்களை இளக்குவதைவிடப் புதிதாகக் கற்பது எளிது என்பார்கள். பம்பாயில் அவர் விட்டுச் சென்றது மனைவி தெஹ்மினாவையும் இரண்டு சிறுவர்களையும். மூத்தவன் சுபினுக்கு அப்போது ஒன்பது வயது.

நம் குடும்பங்களுக்கு இது அயலான கதையன்று. பர்மா, மலாயா, சிங்கப்பூர், பின்னர் வளைகுடா எனச் சபர் போனவர்களின் வீடுகளில்தான் நம்மில் பலர் வளர்ந்தோம். அத்தாவின் முகத்தை நிழற்படத்தில் அறிந்து, அவர் குரலை ஒலிநாடாவில் கேட்ட பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பொருள் தேடிப் போனவர் மாதந்தோறும் பணம் அனுப்புவார். அந்தப் பணமே அவருடைய பிரிவுக்கு ஈடாக வீட்டில் புழங்கும். கல்வி தேடிப் போனவர் எதை அனுப்புவார்? ஆகவே செய்யூர் அன்னையாரின் வழக்கைப் பெண்களின் இயல்பான அச்சம் என்று நாம் தள்ளிவிட முடியாது.

இங்கே பலரும் ஒரு குறுக்கு வழியைச் சுட்டுவார்கள். மெஹ்லியின் மூத்த மகன் சுபின் மேத்தா 1962-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக் குழுவிற்கும், 1978-இல் நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவிற்கும் தலைமை ஏற்று உலகப் புகழ் பெற்றவர். தந்தை அன்று போனதால்தானே மகன் இன்று இப்படி ஆனார் என்பார்கள். நாம் இதை ஏற்க மாட்டோம். மகன் ஓர் ஆலைக் கணக்கராக வாழ்ந்து மறைந்திருந்தால் தந்தை செய்தது குற்றமாகிவிடுமா? புறப்பட்ட நாளில் அவருக்கு எதிர்காலம் தெரியாது. விளைவைக் கண்டபின் வினைக்குத் தீர்ப்பு எழுதுவது தேர்வு முடிந்தபின் விடைத்தாளைத் திருத்துவது போன்றது.

அப்படியானால் நிய்யத்தைக் கொண்டு அளக்கலாமா? அதுவும் போதாது என்றே நமக்குத் தோன்றுகிறது. நோக்கம் போகிறவருடையது, சுமை இருக்கிறவருடையது.

இமாம் கஸ்ஸாலி அவர்களின் வரலாறு இந்த இடத்தில் ஒளி தருகிறது. 1095-ஆம் ஆண்டில், பாக்தாத் நிஜாமிய்யாவின் பெரும் பதவியைத் துறந்து அவர்கள் வெளியேறினார்கள். உலகமே வியந்த அத்துறவைப் பேசுகிறவர்கள் ஒரு சிறு செய்தியை விரைந்து கடந்துவிடுகிறார்கள்: செல்வத்தைப் பகிர்ந்தளித்தபோது குழந்தைகளின் பராமரிப்புக்கு வேண்டியதை அவர்கள் ஒதுக்கி வைத்தார்கள். பின்னொரு காலத்தில் அந்தக் குழந்தைகளின் அழைப்பே அவர்களை ஊர் திரும்பவும் செய்தது. உண்மையைத் தேடிய அந்தப் பேரறிஞருக்கு வீட்டுக் கணக்கு இழிவாகப் படவில்லை.

மெஹ்லி கற்றதை வைத்து என்ன செய்தார்? பம்பாய்க்குத் திரும்பிக் குழுவை நடத்தினார். 1955-இல் மான்செஸ்டரின் ஹாலே இசைக்குழுவில் ஜான் பார்பிரோலியின் கீழ் அமர்ந்தார். 1959-இல் பிலடெல்பியா சென்று கர்ட்டிஸ் நால்வர் குழுவில் வாசித்தார். இவை கலைஞரின் வாழ்வு. 1964-இல், ஐம்பத்தாறாம் வயதில், லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியதுதான் வேறு வகை. அங்கே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இசைக்குழுத் துறைக்குப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் அமெரிக்க இளைஞர் சிம்பொனிக் குழுவையும் தொடங்கி, முப்பத்து மூன்று ஆண்டுகள் நடத்தினார். தொண்ணூறை நெருங்கும் வரை, பேரப் பிள்ளைகளின் வயதுடையவர்களுக்கு முன் கோலேந்தி நின்றார்.

கோலேந்தி நிற்பவர் ஓர் ஒலியும் எழுப்புவதில்லை. வயலின் கலைஞராக இருந்தவரை அவருடைய இசை அவருடைய விரல்களில் இருந்தது. நடத்துநரானபின் அது பிறர் கைகளுக்குப் போய்விட்டது. ஆசிரியரானபின், தாம் இருந்து கேட்க முடியாத அரங்குகளுக்கும் போய்விட்டது. மனிதர் மறைந்த பின்னும் நின்று பலன் தருபவற்றுள் பயனுள்ள கல்வியையும் ஒன்றாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னதை நாம் அறிவோம். மெஹ்லி 2002-இல் மறைந்தார். அவர் வளர்த்த அந்தக் குழுவும் 2024-இல் கலைந்தது. குழு போயிற்று, அதில் பழகிய கைகள் எங்கெங்கோ வாசித்துக்கொண்டுதான் இருக்கும்.

கடன் தீர்ந்தது என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் யாருடைய கடன்? கலமியனிடம் பெற்றதை லாஸ் ஏஞ்சல்ஸ் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கல்வியின் கடன் அடைந்தது. பம்பாய் வீட்டில் அந்த ஆண்டுகளைத் தள்ளிய தெஹ்மினாவின் கணக்கு இதில் வரவில்லை. மெஹ்லியின் வாழ்க்கைக் குறிப்புகளில் 1935, 1945, 1964 என ஆண்டுகள் வரிசையாக நிற்கின்றன. இடைப்பட்ட நாளில் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதற்கு ஆண்டு எண் கிடையாது. நம் ஊர்ச் சபராளிகளின் புகழ்ப் பாக்களிலும் இதே குறை உண்டு.

நம் கரையோடு தொடர்புடைய செய்தி ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி, மாமல்லபுரம் முதல் ஆலம்பரை வரை நம் குப்பங்களைப் புரட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சரியாக ஓராண்டு கழித்து, அதே நாளில், சென்னை மியூசிக் அகாடமியில் மாண்டவர்களின் நினைவாக ஓர் இசை நிகழ்ச்சி நடந்தது. ஜெர்மனியின் பவேரிய அரசு இசைக்குழு வாசித்தது. நடத்தியவர் சுபின் மேத்தா. தந்தை இல்லாத வீட்டில் வளர்ந்த அந்த ஒன்பது வயதுச் சிறுவன், அறுபதாண்டுகள் கழித்து, நம் கரையில் இறந்தவர்களுக்காகக் கோலேந்தி நின்றான் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. இதையும் நாம் மெஹ்லியின் பக்கத்துச் சாட்சியாக வைக்கவில்லை. வைக்க ஆசை எழுந்தது, அவ்வளவுதான்.

மறு வாரம் மீண்டும் செய்யூர் சென்றோம். அன்னையாரும் இருந்தார்.

“தம்பி, உங்கள் மனைவியாரைக் கேட்டீர்களா?” என்றோம்.

“அவள் மறுக்க மாட்டாள், அண்ணே.”

“மறுக்க மாட்டார் என்பது வேறு; நீங்கள் கேட்டது வேறு.”

நண்பர் பேசவில்லை. உள்ளே பாத்திரம் கழுவும் ஓசை நின்றது. சிறிது நேரத்தில் அந்த அம்மையார் தேநீருடன் வாயிற்படிக்கு வந்து, முக்காட்டைச் சரிசெய்தபடி, நம்மை நோக்கியன்றித் தம் மாமியாரை நோக்கிச் சொன்னார்: “மூன்று வருடம் என்கிறார். இரண்டு என்றால் என் அத்தா வீட்டில் இருந்துகொண்டு நான் சமாளிப்பேன். ஆனால் படித்து வந்து யாருக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறார் என்று அவரைக் கேளுங்கள், மாமி.”

நாம் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நண்பர் அந்தக் கேள்விக்கு இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்; விடுப்பு விண்ணப்பம் அவருடைய மேசையில் இருக்கிறது.