நீங்கள் எத்தனை ஆர்.பி.எம்.மில் வாழ்கிறீர்கள்?

"டேய், இன்னிக்கு என் வண்டிக்கு நுரையீரல் மாற்று ஆபரேஷன். வந்து பாரு!"

2019-இல் ஒரு சனிக்கிழமை காலை. காபி டம்ளரோடு நின்றிருந்த என்னை இழுத்துக்கொண்டு போனான் நண்பன். இடம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டனை ஒட்டிய பியர்லேண்ட். மீனாட்சி கோயில் இருக்கிற ஊர் என்றால் அந்தப் பக்கம் போய் வந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

நண்பன் என்னோடு பி.காம். படித்தவன். டெபிட் எது, கிரெடிட் எது என்று புரிந்துகொள்ளவே எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வருஷம் ஆனது. இப்போது அவன் வார நாட்களில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறான். வார இறுதியில் மனைவியோடு சேர்ந்து இட்லி, தோசை வியாபாரம். ஒரு சமையலறையையே ட்ரெய்லருக்குள் கட்டிவைத்திருக்கிறார்கள். கிரைண்டர், கேஸ், தண்ணீர் எல்லாம் சேர்த்து இரண்டு டன் தேறும். அதை இழுத்துப் போவது 2012 மாடல் ஃபோர்டு எஃப்-150 பிக்-அப் டிரக். ஐந்து லிட்டர், எட்டு சிலிண்டர்.

அந்த டிரக் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற அமெரிக்க மெக்கானிக், ஸ்பானரோடு அதன் மேல் கவிழ்ந்திருந்தார். தரையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் சமாசாரம். எட்டுக்கால் பூச்சி மாதிரி எட்டுக் குழாய்கள்.

இதற்குப் பெயர் இன்டேக் மேனிஃபோல்டு. இன்ஜின் மூச்சு விடுவதற்குக் காற்று வேண்டும் அல்லவா? வெளியிலிருந்து வரும் காற்றை ஒரு அறையில் வாங்கி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாயில் பிரித்துக் கொடுப்பதுதான் இதன் வேலை. டிரக்கில் இருந்ததைக் கழற்றிவிட்டு, ஃபோர்டு தன் மஸ்டாங் பாஸ் 302 என்ற காருக்காகச் செய்த மேனிஃபோல்டை மாட்டப்போகிறான் நண்பன். இரண்டுமே ஒரே இன்ஜின் குடும்பம். குழாயைக் கொஞ்சம் மாற்றி, இடம் பண்ணினால் உட்கார்ந்துவிடும்.

"ஹார்ஸ்பவர் எகிறும்டா!" என்றான். கண்ணில் பத்து வயசுப் பையன் தெரிந்தான்.

பேட்டரி ஒயரைக் கழற்றினார்கள். பெட்ரோல் லைனில் அழுத்தத்தை இறக்கினார்கள். ஒயர்கள், ஹோஸ்கள், கடைசியில் போல்ட்கள். பழைய மேனிஃபோல்டைத் தூக்கியதும் பெரியவர் செய்த முதல் வேலை, திறந்து கிடந்த எட்டு ஓட்டைகளிலும் துணியைத் திணித்தது. "இதுக்குள்ள ஒரே ஒரு நட்டு விழுந்தா போதும், இன்ஜின் காலி" என்றார். புதிய கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு வரிசையாக முடுக்கினார்கள். லேப்டாப்பைச் சொருகி, இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் புதுக் கணக்கு சொல்லிக்கொடுத்தார்கள். சாவியைத் திருப்பியதும் ஒரு உறுமல். ரெண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது பார்க்க.

மறுநாள் விடியற்காலை, ஆஸ்டினைத் தாண்டி டிரிப்பிங் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஒரு கல்யாண ஆர்டர். நானும் தொற்றிக்கொண்டேன். சமதரையில் வண்டி நன்றாகத்தான் போனது. ஹில் கன்ட்ரி என்கிற மேட்டுப் பூமி வந்ததும் மக்கர் ஆரம்பித்தது. ஒவ்வொரு ஏற்றத்திலும் கியர் இறங்குகிறது, இன்ஜின் அலறுகிறது. மேடு முடிந்ததும் அமைதியாகிறது. அடுத்த மேட்டில் மறுபடியும் அலறல்.

பின் சீட்டிலிருந்து நண்பனின் மனைவி மெதுவாகச் சொன்னார். "முன்னாடியெல்லாம் இந்த மேட்டை சத்தமே இல்லாம ஏறும்ண்ணா."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. போகப்போகப் பழகிடும்" என்றான் நண்பன். சில நூறு டாலர் செலவழித்தவன் வேறு என்ன சொல்வான்? போன காசை நினைத்து வரப்போகும் முடிவை எடுக்காதே என்று எங்களுக்குக் காலேஜில் பாடமே நடத்தினார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினோம்.

கல்யாண மண்டபத்தில் தோசை வார்த்துக்கொண்டே அவன் விஷயத்தை ஒப்புக்கொண்டான். அவனுக்கும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. பெரியவர் முதலிலேயே எச்சரித்தாராம்.

விஷயம் இதுதான். சிலிண்டரின் வால்வு மூடும்போது, வேகமாக வந்துகொண்டிருந்த காற்று முட்டி நிற்கிறது. அந்த முட்டல் ஒரு அழுத்த அலையாகி, ஒலியின் வேகத்தில் குழாயில் மேலே போய், திரும்பி வருகிறது. அது வந்து சேரும் நேரமும் வால்வு மறுபடி திறக்கும் நேரமும் ஒத்துப்போனால், அலை கூடுதல் காற்றை உள்ளே தள்ளும். இனாம் காற்று! இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் ஒரு சிலிண்டரின் வால்வு நொடிக்கு 25 தடவை திறக்கும். 7,200-இல் 60 தடவை. நிதானமாகத் திறக்கும் வால்வுக்கு நீளமான குழாய் தோது. அவசரமாகத் திறப்பதற்குக் குட்டையான குழாய். ஒரே குழாய் இரண்டு வேகத்துக்கும் பொருந்தாது.

ஃபோர்டுக்கு இது தெரியாதா? இந்த ஐந்து லிட்டர் இன்ஜினை 2011 மாடல் மஸ்டாங் ஜி.டி.யில் வைத்தபோது 412 குதிரைசக்தி. அதே வருஷ மாடல் எஃப்-150-க்கு வைத்தபோது 360 ஆகக் குறைத்தார்கள். 2012 மாடல் பாஸ் 302-க்கு 444, அதுவும் 7,400 ஆர்.பி.எம்.மில். கேம், ஹெட் எல்லாமே அதில் வேறு என்பது நிஜம். குட்டைக் குழாயும் ஒரு முக்கியக் காரணம். ஆனால் ஜி.டி.யில் 390 பவுண்டு-அடியாக இருந்த முறுக்குவிசை, அதாவது டிரைவர் பாஷையில் 'இழுவை', பாஸ் 302-இல் 380 ஆகிவிட்டது. குதிரை 32 கூடி, இழுவை 10 குறைந்தது.

இது பழைய கதை. 1960-இல் கிரைஸ்லர் தன் 300எஃப் காரில் 30 அங்குல நீளக் குழாய்களை வைத்தது. 375 குதிரை. 2,800 ஆர்.பி.எம்.மிலேயே 495 பவுண்டு-அடி இழுவை. வேகப்பித்து பிடித்தவர்களுக்கென்று இன்னொரு ரகமும் உண்டு. வெளியே பார்த்தால் அதே நீளம்தான். உள்ளே மட்டும் குழாய்களைப் பிரிக்கும் சுவரைப் பாதி எடுத்துவிட்டார்கள். 400 குதிரை ஆனது. இழுவை 465-க்கு இறங்கி, அதுவும் 3,600-இல்தான் கிடைத்தது. வெளித்தோற்றத்தில் வித்தியாசமே இல்லை. உள்ளே மட்டும் ஏதோ ஒன்று எடுக்கப்பட்டிருந்தது.

இரண்டும் சேர்ந்து கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும். ஓடும்போதே குழாயின் நீளத்தை மாற்றிக்கொள்கிற இன்ஜினை 2001-இல் பி.எம்.டபிள்யூ கொண்டுவந்தது. அந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு.

"என் வண்டி ரெண்டாயிரம் சுத்துலயே ஓடுது. மேட்டுல மூவாயிரம், நாலாயிரம். ஏழாயிரத்தை அது கண்ணால பாத்ததே இல்ல" என்றான் நண்பன், தோசைக் கரண்டியை ஆட்டியபடி. "நான் போகாத ஊர்ல ஒரு பங்களா வாங்கிட்டேன்டா. அதுக்குக் குடியிருக்கிற வீட்டுலேர்ந்து ரெண்டு ரூமை இடிச்சிட்டேன்."

சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் என் செல்போன் அடித்தது. சென்னையிலிருந்து மனைவி. அங்கே ஞாயிறு இரவு ஒன்பது மணி.

"பாப்பா எங்கே?"

"படிச்சிட்டிருக்கா. நாளைக்கு டெஸ்ட்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் எனக்குத் தோசை இறங்கவில்லை.

என் மகள் அப்போது பதினோராம் வகுப்பு. பத்தாவது வரை எங்கள் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். 91 சதவீதம். கைப்பத்திரிகை நடத்துவாள். மாடியில் நாலு வாண்டுகளை உட்காரவைத்துக் கணக்குச் சொல்லித்தருவாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் வாயை மூடவைப்பதே எங்களுக்குப் பெரிய வேலை. நான்தான் அவளைப் பிடுங்கி, ஊரே பேசுகிற ஒரு பெரிய பள்ளியில் நட்டேன். வாராவாரம் டெஸ்ட், போர்டில் ரேங்க். ஒரே வருஷத்துக்குள் 97 ஆகிவிட்டது. ஆபீசில் அந்த 97-ஐச் சொல்லாத ஆளில்லை நான்.

மாடி காலியாகிவிட்டதையும், சாப்பாட்டு நேரத்தில் ஸ்பூன் சத்தம் மட்டும் கேட்பதையும் யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு நம்பர் கிடையாதே!

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. 'மேம்பாடு' என்று நாம் சொல்வதெல்லாம் எந்த வேகத்தில் வாழ்கிறவருக்கு மேம்பாடு? சம்பளம், மார்க், சதுர அடி, குதிரைசக்தி... எல்லாமே உச்சியை அளக்கும் எண்கள். உச்சியில் யாரும் குடியிருப்பதில்லை. வாழ்க்கையின் பெரும்பகுதி ரெண்டாயிரம் ஆர்.பி.எம்.மில்தான் ஓடுகிறது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பால் கணக்கு, கூடத்தில் டி.வி., யாரோ ஒருவர் சொல்லும் மொக்கை ஜோக். அங்கே இழுவை குறைந்தால் ஒவ்வொரு சின்ன மேட்டுக்கும் அலற வேண்டியிருக்கும்.

அதற்காக உச்சியே வேண்டாம் என்று உபதேசம் செய்ய மாட்டேன். பந்தயத்தில் ஓடுகிறவனுக்கு ஏழாயிரம்தான் வீடு. அவனைப் பார்த்து 'உனக்கு எதுக்குப்பா இவ்வளவு?' என்று கேட்பது சோம்பேறித்தனத்துக்கு வேதாந்தச் சட்டை மாட்டுவது. அந்த சனிக்கிழமை என் நண்பன் முகத்தில் பார்த்த சந்தோஷமும் பொய்யில்லை. தன் கையால் தன் வண்டியைத் திறந்து பார்க்க ஒரு மனிதனுக்கு உரிமை உண்டு. தப்புப் பண்ணவும் உரிமை உண்டு. வண்டி அவனுடையது.

என் மகள் என்னுடைய வண்டியா?

டிரக்கால் பேச முடியாது, அதனால் கேட்காமல் கழற்றினான். பேசத் தெரிந்த பெண்ணை நானும் கேட்காமல்தான் கழற்றினேன். அவள் எந்த வேகத்தில் சுகமாக ஓடுகிறாள் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாக்களுக்கு இருக்கிற பழைய வியாதி.

ஊர் திரும்பிய அன்று ராத்திரி அவள் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். "புது ஸ்கூல் உனக்கு எப்படிம்மா இருக்கு?"

புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "இப்பத்தான் கேக்கறீங்கப்பா."

ரெண்டு மாசம் கழித்து நண்பன் போன் பண்ணினான். பழைய மேனிஃபோல்டைத் துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தானாம். அரை நாளில் திரும்ப மாட்டிவிட்டார்கள். பாஸ் 302 சமாசாரத்தை மஸ்டாங் வைத்திருக்கும் ஒரு பையன் வாங்கிப் போயிருக்கிறான். "அவன் ஏழாயிரத்துலயே குடியிருக்கிறவன்டா. ஆனந்தத்துல குதிக்கிறான்" என்றான்.

இங்கே அது அரை நாள் வேலையாக இல்லை. பதினொன்றாம் வகுப்பு முடிகிற நேரத்தில் பள்ளியை மாற்ற வழியில்லை. அவளிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை கோச்சிங்கை மட்டும் நிறுத்தினோம். முதல் மூன்று ஞாயிறு தூங்கினாள். நாலாவது ஞாயிறு மாடிக்குப் போனாள். வாண்டுகள் வளர்ந்து வேறு விளையாட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

சாப்பாட்டு நேரப் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. பழைய அளவுக்கு இல்லை. கைப்பத்திரிகை வரவே இல்லை.

வண்டியில் எல்லா போல்ட்டும் கழலும்.