கிடைக்குமா என்னும் கேள்வி

கர்நாடகத்தில் 1994-இல் பொது நுழைவுத் தேர்வு வந்ததுமுதல் ஆஸ்டின் டவுன் தமிழ் வீடுகளில் ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. பொறியியலுக்குப் பியூசி மதிப்பெண் பாதி, நுழைவுத் தேர்வு பாதி எனக் கூட்டித் தரவரிசை தருவர். நாமோ சென்ற ஆண்டு இடம்பெற்ற கடைசி எண்ணோடு ஒப்பிடுகின்றோம். அது சென்ற ஆண்டினரின் விருப்பங்கள் விட்டுச்சென்ற சுவடு. இவ்வாண்டுக்கு உறுதி தராது.

"கட்டாயம் கிடைக்கும்" என்று தேற்றலாமா? குற்றமற்ற நன்மை தரும் பொய்யை வள்ளுவர் வாய்மையோடு சேர்த்தார். ஆனால் இப்பொய்யை நம்பிய பிள்ளை மற்றக் கல்லூரிகளை எழுதாது விட்டு, வெறுங்கையோடு நிற்குமே!

என்னைக் கேட்ட மாணவியிடம், "முதல் விருப்பம் அரிதம்மா, ஆயினும் அதையே முதலில் எழுது. அதனால் கீழுள்ளது பறிபோகாது" என்றேன். தந்தைக்கு என் சொல் பிடிக்கவில்லை. அவளோ அடுத்த கல்லூரியின் எண்ணைக் கேட்டாள்.