வாடை வரும்வரை காத்திருக்காதீர்கள்

இன்றிரவு அடுப்படி விளக்கை அணைக்கும் முன், சிங்க் ஓரத்தில் கிடக்கும் ஸ்பாஞ்சைப் பிழிந்து பாருங்கள். வழவழக்கிறதா? விரலை முகர்ந்தால் ஊறிய துணி வாடை அடிக்கிறதா? குப்பையில் போடுங்கள். பால்புட்டி கழுவுகிற வீடு, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர் இருக்கிற வீடு என்றால் விடியும்வரைகூட வைத்திருக்காதீர்கள்.

எச்சில் கை, எச்சில் டம்ளர் என்று அவ்வளவு கறார் பார்க்கிறவர்கள் நாம். வீட்டின் எல்லாத் தட்டுகளையும் தொட்டு வருகிற ஸ்பாஞ்சை மட்டும் பஞ்சு பஞ்சாய்ப் பிய்ந்துபோகும்வரை கேள்வி கேட்பதில்லை.

ஜெர்மனியின் ஃபுர்ட்வாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல், வீடுகளில் பயன்பட்ட 14 ஸ்பாஞ்சுகளைச் சோதித்தார்கள். சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் 5,000 கோடி பாக்டீரியாக்கள் வரை இருந்தன. அவற்றில் பல நம்மை ஒன்றும் செய்யாதவை, பீதி வேண்டாம். ஆனால் வழக்கமாகச் சுத்தம் செய்யப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஸ்பாஞ்சுகளிலும் பாக்டீரியாக்கள் குறைந்திருக்கவில்லை. கழுவிக் கழுவியே மாதக்கணக்கில் ஓட்டலாம் என்ற நினைப்பை அத்துடன் விட்டுவிடுங்கள். வாரம் ஒன்று மாற்றுங்கள் என்பதே அவர்கள் சொன்ன யோசனை.

ஞாயிற்றுக்கிழமைதான் உண்மையான ஆபத்து. கோழியைக் கழுவிய தண்ணீர் சிங்க்கெங்கும் தெறிக்கிறது. அதை ஸ்பாஞ்சால் துடைக்கிறோம். அதே ஸ்பாஞ்சால் தண்ணீர் டம்ளரையும் தேய்க்கிறோம். கறியில் இருந்த சால்மோனெல்லா கிருமி, குழம்பு கொதிக்கும்போது செத்துவிடும். டம்ளரை யார் கொதிக்க வைக்கிறார்கள்? கறி பட்ட இடத்தைப் பழைய செய்தித்தாளால் துடைத்து எறியுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஸ்பாஞ்சை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

சோப்பு டப்பாவில் தேங்கிய நீரிலேயே ஸ்பாஞ்சை ஊறப்போடும் வழக்கத்தையும் இன்றோடு நிறுத்துங்கள். சோப்பில்தானே கிடக்கிறது என்பார்கள். பாத்திரச் சோப்பு பிசுக்கையும் அதோடு ஒட்டிய கிருமியையும் கழற்றிவிடும், எல்லாவற்றையும் கொன்றுவிடாது. கிருமிக்கு ஈரம் வேண்டும், சோற்றுப் பருக்கை வேண்டும். இரண்டையும் டப்பாவில் நாமே கொடுக்கிறோம். அலசி, ஒட்டப் பிழிந்து, காற்றுப் படும்படி கொக்கியில் மாட்டுங்கள். வெயில் வரும் ஜன்னல் இருந்தால் இன்னும் நல்லது. நார்வேயின் நோஃபிமா ஆய்வு நிறுவனத்தார் ஸ்பாஞ்சையும் பாத்திரம் தேய்க்கும் பிரஷ்ஷையும் ஒப்பிட்டபோது, சீக்கிரம் காய்கிற பிரஷ்ஷில் சால்மோனெல்லா தாக்குப்பிடிக்கவில்லை. நம் தேங்காய் நாரும் நல்லதுதான். கிழிந்தால் தூக்கிப் போட யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். இடையில் ஒருநாள் ஸ்பாஞ்சைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டெடுங்கள். அதற்காக அதன் ஆயுளை நீட்டிவிடாதீர்கள்.

ஒன்று மிச்சமிருக்கிறது, சொல்லக் கூச்சமானது. பல வீடுகளில் அந்த ஸ்பாஞ்சைத் தொடுவது வீட்டுக்காரர்கள் அல்ல, வேலைக்கு வரும் அக்கா. நாலைந்து வீட்டுப் பாத்திரம் தேய்த்து, சோப்பில் வெடித்த விரல்கள் அவருக்கு. வாடையடிக்கும் ஸ்பாஞ்சை அந்தப் புண்ணில் தேய்க்கக் கொடுத்துவிட்டு, பாத்திரம் பளிச்சென்று இல்லை என்று குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? புதிது வேண்டும் என்று அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். இந்த மாத மளிகைச் சீட்டில் நான்கு ஸ்பாஞ்சு என்று நீங்களே எழுதுங்கள். கீழே ஒரு ஜோடி ரப்பர் கையுறையும்.